கீழே ஒரு பொத்தான் இருக்கும்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடனுக்கு ஐம்பத்தேழு.

வணிகவியல் ஆசிரியர் முத்துக்கருப்பன் அதுவரை வகுப்பில் சாக்பீஸைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. வட்டி, சேமிப்பு, கடன் எல்லாவற்றையும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பாடங்களை வைத்து நடத்த வேண்டும் என்று மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தது. கணினி ஆசிரியை ஜெசிந்தாதான் அவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அன்று முதல் பி.டி. மாஸ்டர் அவரை "சிஷ்யா" என்றுதான் கூப்பிட்டார். முத்துக்கருப்பன் அதை மனதில் வைத்துக்கொண்டார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. தன் நாற்காலியைக் கேட்காமல் எடுத்துப்போன ஆசிரியர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன பிறகும், கல்யாண வீட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்.

ஒருநாள் காலையில் அவர் கணினி அறைக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"இந்த ரூமை இழுத்துப் பூட்டுங்க டீச்சர்."

"உட்காருங்க சார்."

"உட்கார வரல. சங்கரேஸ்வரி டி.சி. வாங்க வந்து நிக்கிறா. அவ அம்மா ஆபீஸ் வாசல்ல அழுதுட்டிருக்கு."

வட்டிப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் சங்கரேஸ்வரி. அம்மாவின் போனில் ஏதோ ஒரு கடன் ஆப்பை இறக்கி, மூவாயிரம் வாங்கியிருக்கிறாள். சொன்ன நாளில் வட்டியோடு கட்டியும் விட்டாள். அவர்கள் மேலும் கேட்டார்கள். தர முடியாது என்றதும், அவள் அம்மா படத்தில் 'திருடி' என்று எழுதி, போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்கள். பால்காரர், சம்பந்தி வீடு, தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி, ஒருவர் பாக்கியில்லை.

"அத்தனை நம்பரும் அவனுங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்றார் ஜெசிந்தா.

"இவ குடுத்ததுதான். நம்பரையெல்லாம் எடுத்துக்குவோம்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கான். மகாராணி வாசிக்கல."

"ம்."

"நான் எதை டீச்சர் விட்டேன்? தனி வட்டி, கூட்டு வட்டி, அபராத வட்டி, எல்லாத்தையும் தொண்டை கிழியச் சொன்னேன். அவ அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நான் சொன்னதைக் கேக்காத பிள்ளை எனக்கு வேண்டாம், கூட்டிட்டுப் போங்கன்னு."

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்து அறைச் சாவியை எடுத்தார்.

"அவனுங்க மேல போலீஸ்ல புகார் குடுக்கணும். சாயங்காலம் அந்தம்மாகூட நானும் போறேன். அடுத்த பீரியட் உங்களுதுதானே சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அதை மட்டும் எப்பவும் போல நடத்துங்க. முடிச்சிட்டு நீங்களே பூட்டிருங்க." சாவியை அவர் கையில் வைத்தார். "சங்கரேஸ்வரியும் வந்து உட்காரட்டும். டி.சி. இன்னும் கைக்கு வரலையே."

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். சங்கரேஸ்வரி யாரையும் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனாள். அவள் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். ஜெசிந்தா கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அன்றைக்குக் காப்பீட்டுப் பாடம். புது இணையதளம். முதல் பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. முத்துக்கருப்பனின் மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. இந்த அறைக்குள் அதை அவர் எடுத்து மாட்டியதே இல்லை.

முன்வரிசையில் ஒரு பையன் திரையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். அவருக்கு அடக்கி வைத்த ஆத்திரம் எல்லாம் அவன் மேல் திரும்பியது.

"என்னடா, மந்திரம் ஓதுறியா? இதையெல்லாம் வாசிச்சிட்டிருந்தா பெல் அடிச்சிரும். எத்தனை தடவை சொல்றது? கீழே ஒரு பொத்தான் இருக்கும். சம்மதம்னு போட்டிருக்கும். அதை அமு..."

அவர் முடிக்கவில்லை. டக் என்று ஒரு சத்தம்.

எல்லாருக்கும் முந்தி அமுக்கியவள் சங்கரேஸ்வரி.

அமுக்கிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அடுப்பில் பட்டதைப் போலக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதற்குள் மற்ற மவுஸ்களும் பொரி பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம் போட்டு ஓய்ந்தன.

திறந்த வாய் திறந்தபடி நின்றார் முத்துக்கருப்பன்.

வாசலில் இருந்து அம்மா கேட்டாள். "கூட்டிட்டுப் போகட்டுமா சார்? சொன்னதைக் கேக்காத பிள்ளையை வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க?"

அவர் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"சார் சொன்னதைத்தாம்மா கேட்டிருக்கா," என்றார் ஜெசிந்தா.

முத்துக்கருப்பன் சாவியை மேசை மேல் வைத்தார். சங்கரேஸ்வரி பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மவுஸை வாங்கி முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து, மாட்டிக்கொண்டார்.