சீர்வரிசையில் விட்டுப்போன கோமாளி

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பிள்ளையார் கோயிலில் மாலை கட்டும் வேதவல்லி அக்கா. போன கார்த்திகையில், தீபத்துக்குத் திரி திரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன்.

செம்பியூர் ராஜா வீரசேகரனுக்கு ஒரே பெண், பூங்கோதை. கன்னட தேசத்து இளவரசனுக்கு நிச்சயமாகி, தை மாசம் கல்யாணம். போகிற இடத்துப் பேச்சு தெரிய வேண்டாமா? அதற்காக நாகவ்வா என்கிற அம்மாளை அங்கிருந்தே வரவழைத்தார்கள். பாடம் சொல்வதில் கெட்டிக்காரி. நம் தமிழ் மட்டும் அவள் வாயில் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் வரும். வந்தால் என்ன?

அரண்மனைக் கோமாளி சொக்குவுக்கு அது போதுமாயிருந்தது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு சபையில் வந்து நின்றான்.

"நானு வந்தேனு! குழம்புலேயும் வெல்லமு, ரசத்துலேயும் வெல்லமு, அழுதா கண்ணுலேயும் வெல்லமு!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தால் சபை சும்மா இருக்குமா? காது கேட்காத கிழட்டு மந்திரிகூடச் சிரித்தார். பெரிய திறமைதான் போங்கள்! ஊர் விட்டு ஊர் வந்த ஒருத்தி தட்டுத் தடுமாறிப் பேசுவதைத் திருப்பிச் சொன்னதற்குப் பட்டு அங்கவஸ்திரம் பரிசு.

ராஜாவுக்கு ஓலை எழுதும் திருமேனி, முதல் நாள் அவனும் சிரித்தவன்தான். பிறகு ஒரு நாள் மடைப்பள்ளியில் நாகவ்வா வாயைத் திறக்காமல் விரலை நீட்டி உப்பைக் காட்டுவதைப் பார்த்தான். அதற்குப் பிறகு சொக்கு நடித்தால் அவன் சிரிப்பதில்லை.

ராஜாவோ இன்னும் ஒரு படி மேலே போனார்.

"வெள்ளிக்கிழமை நாகவ்வாவும் சொக்குவும் சபையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசட்டும். யார் பேச்சு அசல் என்று பார்ப்போம்! திருமேனி, நீ போய் அந்தம்மாவைச் சம்மதிக்க வை."

திருமேனி போனபோது நாகவ்வா துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஊருக்குப் போறேன் ஐயா. பாப்பாவுக்குப் பாதிப் பாடம்கூட ஆகலை. மனசு கேக்கலை. ஆனா வாயைத் திறந்தா சிரிக்கிறாங்க. வாயைத் திறக்காம எப்படிப் பாடம் சொல்றது?"

"வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் அம்மா. நீங்கள் சபைக்கு வர வேண்டாம். நான் போகிறேன்."

வெள்ளிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. சொக்கு முந்தானையோடு தயார்.

"எங்கே நாகவ்வா?" என்றார் ராஜா.

"அதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம், மகாராஜா. இளவரசியின் சீர்வரிசைப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று."

"என்னது?"

"நம் சொக்கு. அவனையும் இளவரசியோடு அனுப்பி வைப்போம். சம்பந்தி வீட்டாரும் நம்மைப் போலச் சிரிக்கட்டுமே!"

சொக்குவுக்கு வாயெல்லாம் பல். இன்னொரு அரண்மனை, இன்னொரு அங்கவஸ்திரம்!

ராஜா தாடியைத் தடவினார். "கன்னடக்காரர் நடுவில் கன்னடக்காரர் மாதிரிப் பேசிக் காட்டினால் உதைப்பார்களே?"

"அவன் என்ன அவ்வளவு அசடா? ஏம்பா சொக்கு, நீயே சொல்லு. அங்கே போனால் யாரை நடித்துக் காட்டுவாய்?"

தொழில் பெருமை யாரை விட்டது? சொக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"இது தெரியாதா? அத்தனை பேரும் ஒரு மாதிரிப் பேசுகிற இடத்தில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டு ஒருத்தர் புதிதாக வந்து மாட்டுவார் இல்லையா, அவரைத்தான்..."

அவ்வளவுதான். நாக்கு அப்படியே நின்றுவிட்டது. முந்தானை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றான் திருமேனி. "புகுந்த வீட்டில் முதல் நாள். மாமியாரிடம் அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் கேட்கிறாள். தட்டுத் தடுமாறிக் கேட்கிறாள். அதை நடித்துக் காட்டு. மகாராஜா சிரிக்கட்டும்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார். முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"என் பெண்ணின் பேச்சைப் பார்த்து எவனாவது பல்லைக் காட்டட்டும், அவன் பல்லை உடைத்துக் கையில் கொடுக்கிறேன்!"

திருமேனி கை கூப்பினான்.

"நாகவ்வாவின் அப்பா இங்கே இல்லை, மகாராஜா. இருந்திருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்."

ராஜா சிரிக்கவில்லை. சிம்மாசனத்துப் படியிறங்கி, தானே நாகவ்வாவின் அறை வாசலுக்குப் போய், "பூங்கோதை பாடத்துக்குக் காத்திருக்கிறாள் அம்மா" என்றார். சொக்குவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நடித்தால் சிரிக்கவும் அப்புறம் ஆள் இல்லை. அந்த மாதிரிப் பிழைப்புக்கு அதைவிடத் தண்டனை வேண்டுமா?

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாண வீட்டிலோ ரயிலிலோ யாராவது இன்னொரு ஊர்க்காரர் பேச்சைப் பேசிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், தயவுசெய்து நீங்கள் சிரிக்காதீர்கள்.