செல்லக்கனி வீட்டுக் கிணறு

நாலுவழிச் சாலைக்காக வீடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டு தாசில்தார் ஊருக்குள் வந்து இறங்கினார். பீடி சுற்றும் செல்லக்கனியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விலைப் பட்டியலை வாசித்தார்.

“வீடு பழசு. கிணத்துல தண்ணி கிடையாது, அதுக்கு விலையும் கிடையாது.”

“ஆபீஸ்ல இருந்தே எழுதிட்டீங்க போல. எட்டிப் பாருங்கய்யா.”

“அரசாங்கம் எழுதினா எழுதினதுதான்.”

“சரிங்கய்யா. அப்ப உள்ள இறங்கி நின்னே கையெழுத்துப் போடுங்க. உங்களுக்கு நீச்சல் தெரியும்ல?”

கூடியிருந்த சனம் சிரித்தது. தாசில்தார் முகம் கறுத்து, பட்டியலை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மறுவாரம் திருத்திய பட்டியல் வந்தது. தண்ணீர் இருப்பதை இந்த முறை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ‘கிணறு உள்ள இடம் பழைய குளம். வீடு ஆக்கிரமிப்பு. விலை கிடையாது, உடனே காலி செய்யவும்.’

செல்லக்கனி இருபது வருடத்து ரசீதுகளை முந்தானையில் முடிந்துகொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். தாசில்தார் மேசையில் அவிழ்த்துக் கொட்டினாள்.

“இத்தனை வருஷமா குளத்துக்கா ஐயா வீட்டு வரி வாங்கினீங்க?”