முதல் இலை

“தாயே, இந்த மடத்தை என்னிடம் ஒப்படைக்காதீர்கள்.”

சொக்கலிங்கம் குருவிடம் கெஞ்சினார். அவர் அந்தக் குருத்தாயைவிடப் பத்து வயது மூத்தவர். மறுநாள் மதியம் குரு கயிலைக்குப் புறப்படுகிறார். திரும்பி வருவது நிச்சயமில்லை.

குரு காரணம் கேட்டார்.

நாலு பேர் முன்னால் பேச வராது என்றார் சொக்கலிங்கம். எதையும் இரண்டு முறை கேட்காமல் செய்ய முடிவதில்லை. ஒருவர் முகம் வாடினால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

“நம் மடத்து வீரபத்திரன் அப்படியில்லை, தாயே. போன மழை வெள்ளத்தில் அவர் போட்ட ஒரு சத்தத்தில்தான் ஊரே மேட்டுக்கு ஏறித் தப்பியது. அவரல்லவா தலைவர்?”

“இன்று முதல் இலையில் அவரே உட்காரட்டும்” என்றார் குரு.

அந்த மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம். முதல் இலைக்காரர் இலையை மடித்ததும் எல்லோரும் எழுந்துவிட வேண்டும்.

வீரபத்திரன் எந்த வேலையையும் விறுவிறுவென்று முடிப்பவர். சாப்பாடும் அப்படித்தான். மோரைக் குடித்தார், இலையை மடித்தார், எழுந்தார்.

பந்தியும் எழுந்தது.

கடைசி இலையில், கல்லுடைக்கும் செங்கமலம் கைக்குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தன் சோற்றை இன்னும் தொடவில்லை. அவளும் இலையை மடித்தாள்.

பார்த்தது சொக்கலிங்கம் மட்டும்தான்.

மறுநாள் முதல் இலையில் குரு அவரை உட்கார வைத்தார்.

அவருக்கு வியர்த்தது. கழுத்தை நீட்டி நீட்டிக் கடைசி இலையைப் பார்த்தார். அங்கே ரசம் போனதா என்று பரிமாறுகிறவரை இரண்டு முறை கேட்டார். மோர்ச்சோறு கையிலேயே காய்ந்தது.

“அண்ணே, ராத்திரிப் பந்திக்கும் இதே இலைதானா?” என்றார் பக்கத்தில் இருந்த வீரபத்திரன்.

பந்தி சிரித்தது.

சொக்கலிங்கம் இலையின் மேல் கை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

குழந்தை தூங்கிப்போனது. செங்கமலம் அதை மடியில் கிடத்திக்கொண்டு சாப்பிட்டாள். சாம்பார், ரசம், மோர். இன்னொரு கை சோறும் கேட்டு வாங்கினாள்.

அவள் நிமிர்ந்த பிறகுதான் அவர் இலையை மடித்தார்.

கை கழுவும் இடத்தில் அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“சாமி, இவன் பொறந்த பிறகு இன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். நீங்க நல்லா இருக்கணும்.”

சொக்கலிங்கம் கையைத் துடைக்கவும் தோன்றாமல் வாசலுக்கு ஓடினார். குரு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

கும்பிட்டார்.

“எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, தாயே.”

“நல்லது” என்று மடத்துச் சாவியை அந்த ஈரக் கையில் வைத்தார் குரு.