சரணம் வரை போகாத வயலின்

பொள்ளாச்சியில் பூமிநாதன் என்று ஒருவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். பகலெல்லாம் காரில் உட்கார்ந்து, "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்துவதுதான் பிழைப்பு. தலை நரைத்த பிறகு அவருக்கு வயலின் ஆசை வந்தது. சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் யாரையும் திட்டாத நேரம். அதற்காகவே அவர் மனைவி சரோஜினி வயலினைச் சகித்துக்கொண்டார்.

குரு தாரிணி. வயதில் அவர் மகள் மாதிரி. அவர் "டீச்சர்" என்பார். அந்தப் பெண் "அண்ணா" என்பாள்.

போன விஜயதசமிக்கு மாணவர்களெல்லாம் மேடையில் வாசித்தார்கள். பூமிநாதனும் ஏறினார். மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை. பாதியில் விரல் வழுக்கியது. "ஒரு நிமிசங்க, மொதல்ல இருந்து வந்துடறேன்" என்றார். மறுபடி வழுக்கியது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் வில்லைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்கள். சிரிக்காமல் இருப்பார்களா?

அந்த அவமானம் ஒரு வருஷமாக நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. இந்த வருஷமும் அதே பாட்டு, அதே மேடை. இந்தத் தடவையும் பாதியில் இறங்கினால் வயலினை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டார்.

ஒரு சாயங்காலம் தாரிணி முன்னால் வாசித்தார். பல்லவி பட்டாக வந்தது. அனுபல்லவியில் ஒரு இடத்தில் சுரம் தப்பியது. வில் நின்றது.

"மேல போங்க அண்ணா."

"இல்லீங்க டீச்சர். ஒரே தடவை, மொதல்ல இருந்து."

முதலிலிருந்து வந்தார். அதே இடம். அதே தப்பு.

"வீட்டுல நல்லாத்தானுங்க வந்துச்சு!"

"வீட்டுல சரணம் வரைக்கும் போனீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரோஜினி அதையேதான் கேக்கறா. பாட்டுல மீதி எங்க போச்சுன்னு."

தாரிணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பூமிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சிரிக்காதீங்க டீச்சர். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தப்பில்லாம வாசிக்க இன்னும் எத்தனை வருசம் ஆகும்?"

தாரிணி தன் வயலினைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நாளைக்குக் காலைல வர்றேன்."

வந்தாள். நல்ல மாணவிதான், சொன்னதைச் செய்தாள். முதல் சில நாள் காலியான ரோடு. அப்புறம் ஒரு நாள் காந்தி சிலை பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சரியாக நடுச் சந்தியில் கிளச்சைச் சட்டென்று விட்டாள். வண்டி குலுங்கி நின்றுவிட்டது.

பின்னால் ஒரு பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றது. அதற்குப் பின்னால் தேங்காய் லாரி. பைக்கில் வந்தவர்கள் இரண்டு பக்கமும் புகுந்து, போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

தாரிணி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"இறங்குங்க அண்ணா. தள்ளிட்டுப் போயிரலாம்."

"எங்கீங்க?"

"உங்க ஸ்கூல் வாசலுக்கு. அங்க இருந்து ஒரு தடவை சுத்தமா எடுத்துட்டு வந்துடறேன்."

"என்னது!"

"மொதல்ல இருந்து வந்தாத்தான் எனக்குச் சரியா வரும்."

"அட சாமி! விளையாடற நேரமாங்க இது? பின்னால பஸ்ஸுக்காரன் என்னைய உசுரோட விடமாட்டான். நின்ன எடத்துல இருந்து எடுங்க! கிளச்ச மிதிங்க! சாவி! ஃபர்ஸ்ட் கியர்! மெதுவா... மெதுவா விடுங்க... ஆங், அப்படித்தான். போங்க, போங்க!"

வண்டி சந்தியைத் தாண்டியது. ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். பூமிநாதன் துண்டை எடுத்து முகம், கழுத்து எல்லாம் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிட்டது.

திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாமா அண்ணா?"

"போலாங்க" என்றார் சின்னக் குரலில்.

அன்று சாயங்காலம் வயலினை எடுத்தவர் பல்லவியைத் தொடவே இல்லை. சரணத்தில் ஆரம்பித்தார். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. அடுத்த நாளும் அதையே வாசித்தார். சமையலறையிலிருந்து சரோஜினி எட்டிப் பார்த்து, "இது என்ன, புதுப் பாட்டா?" என்று கேட்டார்.

விஜயதசமி வந்தது. மேடையில் அவருக்குப் பக்கத்தில் தாரிணியும் வயலினோடு உட்கார்ந்தாள். மாணவர்கள் வாசிக்கும்போது குருவும் கூடவே வாசிப்பது அங்கே வழக்கம். முன்வரிசையில் அதே ஆட்கள். சிரிக்கத் தயாராகவே வந்திருந்தார்கள்.

பல்லவி முடிந்தது. அனுபல்லவியில், அதே பாழாய்ப்போன இடத்தில், விரல் வழுக்கியது. கை தானாகப் பல்லவிக்குத் திரும்பப் பார்த்தது. பூமிநாதன் பல்லைக் கடித்தார். மிருதங்கம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரியில் போய் ஒட்டிக்கொண்டார். சரணம் வந்தது. அதையும் வாசித்தார். பாட்டு முடிந்துவிட்டது.

முடிந்ததே அவருக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. கைதட்டல் வந்த பிறகுதான் வில்லை இறக்கினார். சந்தோஷம் தாங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் வந்ததும் முதல் வேலையாகத் தாரிணியிடம் போனார்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். அனுபல்லவியில ஒரு தப்பு விழுந்துருச்சு."

"மூணு தப்பு அண்ணா."

அவர் முகம் வாடிவிட்டது. "மூணா? எனக்கு ஒண்ணுதானுங்க தெரிஞ்சுது."

"உங்களோடது ஒண்ணுதான். மத்த ரெண்டும் என்னோடது."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"நெசமாத்தான். சரணத்துல ஒரு வரிய மாத்தி எடுத்துட்டேன். முடிக்கறப்ப இன்னொண்ணு."

"உங்களுக்கும் வருமுங்களா?"

"தினமும் வருது."

"இத்தனை நாளா உங்க பக்கத்துல உக்காந்து கேக்கறேன். ஒண்ணுகூட என் காதுல விழலீங்களே!"

தாரிணி வில்லைத் தளர்த்தி உறையில் வைத்தாள்.

"நான் நின்னாத்தான அண்ணா உங்களுக்குக் கேக்கும்."