அஞ்சாவேல் அரசனும் தும்மிய கைதியும்

நிலாவின் முகத்தில் இன்னும் கறை விழாத காலம் அது. அவ்வளவு பழைய காலத்தில், தும்பைக்கோட்டை என்ற நாட்டை அஞ்சாவேல் என்ற அரசன் ஆண்டுவந்தான். பெயரைக் கேட்டுப் புலி என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அச்சமில்லை என்பது பெயரில் மட்டும்தான்.

ஆனாலும் அவன் கெட்டவன் இல்லை. பசித்து வந்தவருக்குச் சோறு போடுவான். வழக்கென்று வந்தால் இரண்டு பக்கமும் கேட்பான். அவனிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. எது நடந்தாலும் அதற்கு ஒரு சகுனத்தைக் காரணமாகக் கண்டுபிடிப்பான். மறுநாளே அதைச் சட்டமாக்கிவிடுவான்.

ஏன் இப்படி ஆனான் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அவனுக்குப் பதினெட்டு வயதானபோது அவன் தந்தை வேட்டைக்குப் புறப்பட்டார். கோட்டை வாசலில் ஒரு பூனை குறுக்கே போனது. "திரும்பிவிடுங்கள்" என்றார்கள் சிலர். தந்தை சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலை காட்டில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அஞ்சாவேல் அழுதுகொண்டே முடிசூடினான். முடிசூடிய கையோடு முதல் சட்டத்தைப் போட்டான்.

பூனை குறுக்கே போனால் யாராக இருந்தாலும் வீடு திரும்ப வேண்டும். மறுநாள் காலையில்தான் மறுபடி புறப்பட வேண்டும். மீறினால் நாடு கடத்தல். இது பூனைச் சட்டம்.

அடுத்த ஆண்டு, பக்கத்து நாட்டோடு உடன்படிக்கை பேசும்போது யாரோ தும்மினார்கள். உடன்படிக்கை முறிந்தது. உடனே வந்தது தும்மல் சட்டம். அரசன் ஆணையிடும்போது யாராவது தும்மினால் அந்த ஆணை செல்லாது. சபையில் உள்ள அனைவரும் காதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். ஒரே நாளில் மூன்று முறை தும்மியவருக்குச் சிறை.

அதற்கடுத்த ஆண்டு, "இன்று மழை வரும்" என்று அரசன் சொன்ன நேரத்தில் சுவரில் ஒரு பல்லி ஒலி எழுப்பியது. மழையும் வந்தது. உடனே பல்லிச் சட்டம். ஒருவர் பேசி முடிக்கும்போது பல்லி ஒலித்தால், அவர் சொன்னது எதுவானாலும் உண்மை.

இந்தப் பல்லிச் சட்டம் படுத்திய பாட்டைக் கேளுங்கள். சந்தையில் ஒருவன் வேடிக்கைக்காக ஒரு மாட்டைக் காட்டி, "இது மாடா? ஆடு!" என்றான். கூரையில் இருந்த பல்லி ஒலித்துவிட்டது. அன்று முதல் அந்த மாடு ஆடுதான். பாவம், அது ஆட்டு மந்தையோடு மேய்ந்தது. ஆட்டுப் பட்டியில் படுத்தது. நடுவே தலை மட்டும் உயரமாகத் தெரியும்.

மக்கள் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தார்கள்.

அந்த ஊரில் பேச்சி என்றொரு மருத்துவச்சி இருந்தாள். நாற்பது வயது. நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். மீதிப் பாதி, அவள் பிறப்பதற்கு முன்பே பிறந்தவர்கள்.

ஒருநாள் நண்பகலில் ஓடக்காரன் இருளப்பன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அக்கா, மயிலிக்கு விடியற்காலையிலிருந்து வலி. பிள்ளையின் கால்தான் முன்னால் தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது!"

பேச்சி உடனே மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனோடு நடந்தாள். ஆற்றங்கரைக்குப் போகும் முச்சந்தியில், தடித்த கறுப்புப் பூனை ஒன்று அவசரமே இல்லாமல் அவர்கள் முன்னால் குறுக்கே நடந்து போனது.

அங்கே காவலுக்கு நின்றவன் கறுப்பண்ணன். அவன் பார்த்துவிட்டான். கையிலிருந்த வேலைக் குறுக்கே நீட்டினான்.

"அக்கா, நில். பூனை போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பு. நாளைக் காலையில் போகலாம்."

"நாளைக் காலையில் போனால் அங்கே யார் இருப்பார்கள், தம்பி?"

இருளப்பன் காவலனின் காலில் விழப்போனான். பேச்சி அவனைத் தூக்கி நிறுத்தினாள்.

"கறுப்பண்ணா, உன் மகளுக்கு இப்போது என்ன வயது?"

"மூன்று."

"அவள் பிறந்த அன்று நான் வந்த வழியில் இந்தப் பூனை இருந்திருந்தால்?"

"சட்டத்தை மீறினால் உன்னைப் பிடித்துக் கட்ட வேண்டியது என் வேலை, அக்கா."

"பிடி. யார் வேண்டாம் என்றது? ஆனால் பிள்ளை பிறந்த பிறகு பிடி. தப்பி ஓடுவேன் என்று சந்தேகம் இருந்தால் கூடவே வா." சொல்லிவிட்டு அவள் வேலுக்கு அடியில் குனிந்து போய்விட்டாள்.

கறுப்பண்ணனும் கூடவே போனான். ஓடத்தில் உட்கார்ந்தான். குடிசை வாசலில் நின்றான். சும்மா நிற்காதே என்று பேச்சி உள்ளிருந்து அதட்டியதால் தண்ணீர் சுமந்தான், விறகு பிளந்தான், அடுப்பை ஊதினான். உள்ளே மயிலி கதற, வெளியே இருளப்பனும் அவனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அலறல் நின்றது. ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு கேட்டது, பூனைக்குட்டி கத்துவதைப் போல ஒரு சின்னக் குரல். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

கறுப்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, இப்போது உன்னைப் பிடிக்கட்டுமா?"

"பத்து நாள் பொறு. இவளுக்கு உடம்பு தேற வேண்டும். பதினோராம் நாள் நானே சபைக்கு வருகிறேன்."

சொன்ன சொல் மாறாமல் வந்தாள். தனியாகவும் வரவில்லை. மயிலியையும், இருளப்பனையும், துணியில் சுற்றிய குழந்தையையும் கூட்டி வந்தாள்.

சபை நிரம்பி வழிந்தது. சிம்மாசனத்தின் அருகே பெரிய தூபக்காலில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. பேச்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். "மயிலி, நீ இங்கே நில்" என்று பிள்ளையோடு அவளைத் தூபக்காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

அரசன் கேட்டான்: "பூனை குறுக்கே போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும், அரசே."

"சட்டம் தெரியுமா?"

"தெரியும், அரசே."

"தெரிந்துமா போனாய்?"

"அழைத்த குரல் அதைவிடப் பெரிதாகக் கேட்டது, அரசே."

அரசனின் முகம் வாடியது. அவனுக்குப் பேச்சியைப் பிடித்திருந்தது. ஆனால் ஒருத்தியை விட்டால் நாட்டுக்கே கேடு வருமே என்று உள்ளுக்குள் நடுங்கினான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"மருத்துவச்சி பேச்சியாகிய உன்னை, இன்றோடு இந்த நாட்டை விட்டு…"

"அச்!"

குழந்தை தும்மியது. ஆணை செல்லாது. அமைச்சர், தளபதி, புலவர், காவலர் எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுந்தார்கள். அமைச்சர் கூர்மதியாருக்குப் பெரிய வயிறு. அவரைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அரசன் மறுபடி தொடங்கினான். "மருத்துவச்சி பேச்சியாகிய உன்னை…"

"அச்!"

மறுபடி எல்லோரும் உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். தளபதியின் கவசம் கடகடவென்று ஓசையிட்டது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள்.

அரசன் இந்த முறை ஒரே மூச்சில் சொல்லிவிட நினைத்தான். "பேச்சியாகிய உன்னை நாடு…"

"அச்!"

சபை உறைந்துபோனது. மூன்றாவது தும்மல். எல்லோரும் அரசனைப் பார்த்தார்கள். அரசன் குழந்தையைப் பார்த்தான். குழந்தை யாரையும் பார்க்கவில்லை. அது கொட்டாவி விட்டது.

பேச்சி கைகூப்பினாள். "அரசே, சட்டப்படி என் தண்டனை பிறகு இருக்கட்டும். முதலில் மூன்று முறை தும்மிய கைதியைச் சிறையில் போடுங்கள்."

"பச்சைக் குழந்தையையா?" என்றான் அரசன் மெதுவாக.

"சட்டத்தில் வயது எழுதவில்லையே! பிள்ளை சிறைக்குப் போனால் பால் கொடுக்கத் தாய் போக வேண்டும். தாய் போனால் அவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கித் தரத் தகப்பன் போக வேண்டும். தகப்பன் போனால் ஓடம் விட ஆளில்லை. அக்கரைக்காரர் எல்லாம் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் என்ன? சட்டம் நடக்க வேண்டாமா?"

அமைச்சர் கையசைத்தார். கறுப்பண்ணன் விலங்கை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். அந்த விலங்கின் வளையம் வழியாகக் குழந்தையின் காலை மட்டுமா, குழந்தையையே நுழைத்து எடுத்துவிடலாம்! அவன் விலங்கைப் பார்த்தான்; பிஞ்சுக் காலைப் பார்த்தான். தன்னையும் அறியாமல் முணுமுணுத்தான்:

"நம் அரசர் கைக்குழந்தைக்கே பயப்படுகிறார்."

உத்தரத்தில் இருந்த பல்லி ஒலித்தது.

அவன் முணுமுணுத்ததும் பல்லி ஒலித்ததும் சபை முழுவதும் கேட்டன. பல்லிச் சட்டப்படி, கறுப்பண்ணன் சொன்னது அந்தக் கணத்திலிருந்து மறுக்கமுடியாத உண்மை. கறுப்பண்ணனின் முகம் சாம்பலாகிவிட்டது. அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அரசனின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்து எல்லோரும் பின்வாங்கினார்கள். அது கோபம் இல்லை. அரசன் சிரித்துக்கொண்டிருந்தான். முடிசூடிய நாளிலிருந்து ஒருவரும் கண்டிராத சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பிறகு கண்ணீர் மட்டும் நின்றபாடில்லை.

"பல்லி பொய் சொல்லவில்லை," என்றான். "நான் பயந்தவன்தான். பேச்சி, என் தந்தை போன அன்று பூனை குறுக்கே வந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை."

பேச்சியின் குரல் தணிந்தது. "அன்று அவரோடு வேறு யாரும் போகவில்லையா, அரசே?"

"நாற்பது பேர் போனார்கள்."

"அவர்கள்?"

"எல்லோரும் திரும்பி வந்தார்கள்." அரசன் நிறுத்தினான். "தந்தையின் குதிரைக்குப் பின்னால் என் குதிரை போனது. அதே பூனை எனக்கும் குறுக்கேதான் போனது."

அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான். தூபக்காலைத் தன் கையாலேயே தள்ளி வைத்தான். "நீ வேண்டுமென்றேதான் பிள்ளையோடு இவளை இங்கே நிற்க வைத்தாய், இல்லையா?"

"ஆமாம், அரசே. பிறந்த பிள்ளை எல்லாம் தும்மும். தும்மினால் மூச்சு சீராகும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எங்களுக்கு நிம்மதி. இந்த நாட்டில் அதைக் கேட்டு நடுங்கவேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தம்."

அரசன் சபையின் பக்கம் திரும்பினான். "என் சட்டங்களால் துன்பப்பட்டவர்கள் சொல்லுங்கள். இன்று யாரையும் தண்டிக்கமாட்டேன்."

ஓர் உழவன் எழுந்தான். வரப்பு உடைந்து வயலில் வெள்ளம் புகுந்த அன்று பூனைக்காகத் திரும்பிப் போனதால் பயிர் முழுதும் அழுகியது என்றான். ஒரு பெண், சாகக் கிடந்த தன் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டு, மறுநாள்தான் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னாள். அவள் அழவில்லை. அரசன்தான் அழுதான். அவள் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். அரசன் ஒருவன் தலை குனிந்ததை அந்த நாடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

அன்றைக்கே மூன்று சட்டங்களும் நீங்கின. பேச்சிக்கு விடுதலை. சந்தைக்கு ஆள் அனுப்பி, மாடு மறுபடி மாடு என்று முரசறைந்து சொன்னார்கள். அதற்குள் அந்த மாட்டுக்கு ஆட்டுப் பட்டியே பிடித்துப் போயிருந்தது. வர மறுத்துவிட்டது என்பது வேறு கதை. அரசன் அறிவிப்பைச் சொல்லி முடிக்கும்போது குழந்தை நான்காம் முறை தும்மியது. இந்த முறை ஒருவரும் தரையில் உட்காரவில்லை. கறுப்பண்ணன் விலங்கைக் கீழே போட்டுவிட்டு, "நூறு வயசு!" என்றான். சபையே "நூறு வயசு!" என்று ஆரவாரித்தது.

பிறகு அஞ்சாவேல் ஒரே ஒரு புதிய சட்டம் போட்டான். மருத்துவச்சியும் வைத்தியரும் போகும் வழியில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. அரசனே வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மறு ஆண்டு திருவிழாவில் அரசனின் யானை ஊர்வலம் கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தது. மேளம், கொம்பு, குடை, கொடி. எதிரே பேச்சி மருந்துப் பையோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அரசன் கை உயர்த்தினான். மேளம் நின்றது. யானை ஓரமாக ஒதுங்கியது. பேச்சி அரசனை வணங்கக்கூட நிற்கவில்லை, "நல்லா இருங்க!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு விரைந்தாள். யானைமேல் இருந்த அரசன், அவள் தெருமுனை திரும்பும்வரை மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் மேளம் மறுபடி தொடங்கியது.

இதைக் கேட்டவர்களே, இதன் நீதி இதுதான்: அச்சத்தால் எழுதிய சட்டம் யாரையும் காப்பதில்லை, துன்பத்தில் அழைப்பவரிடம் தாமதிக்காமல் போய்ச் சேரும் நேரமே நல்ல நேரம்.