தொட்டிலறைப் புகை

நாலு ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே புகை போட்டால், அது எங்கே போகும்? சொல்லுங்க பார்ப்போம். இது தெரியாத ராஜா ஒருத்தர் முன்னொரு காலத்தில் மங்கலபுரியை ஆண்டுவந்தார். பேர் மாறவேள். குளிக்கும் முன்னே ஒன்று சொல்வார், குளித்து வந்து வேறொன்று சொல்வார்.

அவருடைய ஆறு மாதப் பிள்ளைக்கு இருமல். "காத்து கருப்பு அண்டியிருக்கிறது. ஜன்னலைத் திறக்காமல் நாள் முழுக்க சாம்பிராணி போடணும்" என்றார் அவைப்புலவர் திருமேனிராயர். போட்டார்கள். இருமல் கூடியது. தூபக்காலை இரண்டாக்கினார்கள். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், கிரீடத்தைக் கழற்றினார், மாட்டினார்.

"ஏன் புலவரே, இன்னும் தீரலை?"

"பால் கொடுக்கிற தாதி செவ்வந்தியிடம்தான் கோளாறு, மன்னா. ஜன்னலைத் திறங்கள் என்று எனக்கே புத்தி சொல்கிறாள்."

"நாளைக்குள் இருமல் நிற்காவிட்டால் இவளை நாடு கடத்துங்கள்."

பிள்ளையோடு அங்கேயே நின்ற செவ்வந்தி யோசித்தாள். தான் போய்விட்டால் இந்தப் புகைக்குள் பிள்ளை பிழைக்காது. ஆனாலும் நிதானமாகச் சொன்னாள்: "ஒரு வைத்தியம் பாக்கி இருக்குங்க மகாராஜா. நல்ல குரல்காரர் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்க புகழைப் பத்துப் பாட்டாகப் பாடணும். பிள்ளை அழுது பாட்டைக் கெடுத்துடாம நான் தோட்டத்தில் வெச்சிருக்கேன்."

"என்னைவிட நல்ல குரல் யாருக்கு?" என்று புலவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் பாட்டு கணீரென்று வந்தது. இரண்டாவது கரகரத்தது. மூன்றாவதில் பாட்டே இல்லை, இருமல்தான். தோட்டத்தில் நடை போட்டுக்கொண்டிருந்த ராஜா பதறினார். "ஐயோ, பிள்ளை இருமுறானே!"

"பிள்ளை இதோ என் தோளில் தூங்குதுங்க. வெளியே வந்ததிலிருந்து ஒரு தடவைகூட இருமவே இல்லை. உள்ளே இருமுறது புலவருங்க."

கதவு திறந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக வந்து விழுந்தார் திருமேனிராயர். ராஜா அவரைப் பார்த்தார், தாதியைப் பார்த்தார்.

"ஏன் புலவரே, உமக்கு யார் பால் கொடுத்தது?"

தோட்டத்தில் கூடியிருந்த சபையே சிரித்தது. ஜன்னல்களெல்லாம் திறந்தன. புலவரின் பொன்னாடை செவ்வந்தியின் தோளுக்கு வந்தது.

"வேறென்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"எனக்கு ஒன்றும் வேணாம். அரண்மனை மடப்பள்ளியில் பன்னிரண்டு பொம்பளைங்க பத்து வருஷமா விறகுப் புகையில் இருமிக்கிட்டிருக்காங்க. அங்கேயும் ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்க மகாராஜா."