ஏழு சாக்கும் ஒரு மணையும்

சத்தியம்! சூடத்தை உள்ளங்கையில் ஏற்றி அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இந்த நிமிடமே கொட்டிப்போகட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போங்கள்.

பொங்கியண்ணன் மலையேறி வந்தார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மண்டிக்காரர், வயது ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு தொடையும் ஒரு மஞ்சள் மூட்டை. அவர் படியேறியபோது அவருடைய நிழலில் ஒதுங்கி நான்கு ஆடுகள் கூடவே ஏறின.

மேலே யோகம் சொல்லித்தரும் நாகேஸ்வரி அம்மா இருந்தார். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"அம்மா, நான் சம்மணம் போட்டு உட்காரோணுமுங்க. இருபது நாள்ல."

"எதுக்குங்ண்ணா?"

"எம் பொண்ணு பவளக்கொடிக்குக் கல்யாணமுங்க. தாரை வார்க்கறப்ப அப்பன் மணையில சம்மணம் போட்டு உட்காரோணும். நான் தரையில உட்கார்ந்தா முழங்கால் ரெண்டும் காதுக்கு வந்துருதுங்க. அப்படியே மல்லாக்கச் சாஞ்சுர்றேன்."

"சாஞ்சா?"

"எனக்குப் பதிலா எம் மச்சான் உட்காருவானாமா. இப்பவே வேட்டி எடுத்து வெச்சுட்டான்."



அம்மா உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"இதுல உட்காருங்க. முழங்காலை அகட்டி வெச்சு மூச்சை விடுங்க. தரைக்கு வரக்கூடாது."

தரையைக் கேட்டு வந்தவருக்கு முக்காலி. பொங்கியண்ணனுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் உட்கார்ந்தார்.

எதிரே வேப்பமரத்தடியில் காளிங்கன் நின்றிருந்தான். சென்னிமலைத் தறிக்காரன், முப்பது வயது. எலும்பே வைக்காமல் பெற்றுப்போட்ட உடம்பு. இரண்டு காலையும் பிடரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு டீ குடிப்பான். ஒரு சொட்டுகூடச் சிந்தாது. நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு அம்மா சொன்னது என்ன தெரியுமா? மடங்கவே கூடாது. தொடை இரண்டையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நிற்க வேண்டும்.

மூன்றாம் நாள் பொங்கியண்ணன் அம்மாவிடம் போனார்.

"மடக்க வராதவனைத் தரைக்கு விடமாட்டேங்கறீங்க. மடக்க வர்றவனைக் கட்டிப் போட்டிருக்கீங்க. இதுல எதுங்க யோகம்?"

"நேத்து அவனும் இதையேதான் கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு நீங்களும் கேட்பீங்கன்னு சொன்னேன்."

பதிலே வரவில்லை என்பது பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி ஏறினார்.

பதினான்கு நாள் ஓடியது. முழங்கால் காதை விட்டு இறங்கி நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

"ஏனுங் ஐயா," என்றான் காளிங்கன் ஒருநாள் விடியற்காலையில். "எனக்கென்னமோ அம்மா நம்ம ரெண்டு பேரையும் மாத்தி வெச்சுட்டாங்கன்னு தோணுது."

"அட, எனக்கும் அதேதானப்பா! ரகசியம் அந்தத் துண்டுலதான் இருக்குது."

"எனக்கு அந்த முக்காலி மேல கண்ணு."

மாற்றிக்கொண்டார்கள்.

காளிங்கன் முக்காலியில் உட்கார்ந்து முழங்காலை அகட்டினான். அகலும் வரைக்கும் அகட்டினான். அவனுக்குத்தான் எல்லையே கிடையாதே! இடுப்பில் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை.

பொங்கியண்ணன் தொடையைத் துண்டால் கட்டிக்கொண்டு, நின்றது போதும் என்று, அப்படியே படியோரத்தில் தரையில் உட்காரப் பார்த்தார். மல்லாக்கச் சாய்ந்தார்.

முந்நூற்றெழுபது படி. ஒரு படியைக்கூட விடவில்லை. உருண்டு வந்தவரைப் பார்த்துக் கீழே டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சதை அப்படித் தாங்கிவிட்டது. மேலே கொண்டுவர எட்டு ஆளும் ஒரு காளையும் வேண்டியிருந்தது.

அம்மா கோபப்படவில்லை.

"போனதுதான் போனீங்க, டீ குடிச்சீங்களா?"

பொங்கியண்ணன் அழுதுவிட்டார்.

"இன்னும் ஆறே நாளுங்க. கையால தூக்கி வளர்த்த பொண்ணு. அவ கையைப் புடிச்சுக் குடுக்கறப்ப நான் ஓரமா நின்னு பார்க்கோணுமா? எது சரின்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் சரியான ஒண்ணு."

அம்மா எழுந்து தள்ளி நின்றார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு செங்கல் கிடந்தது. ஒரு பக்கத்தில் மட்டும்.

"இதென்னங்க?"

"இடது இடுப்புக்கு. எனக்கு அது கொஞ்சம் இறக்கம்."

"இத்தனை நாளா இது மேலயா உட்கார்ந்திருந்தீங்க?"

"இத்தனை வருசமா."

பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப எனக்கும் இடது பக்கம் ஒரு செங்கல் வெச்சுருங்க!"

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிறகு காலி சாக்குகளை மடித்து ஒவ்வொன்றாக அவருக்கு அடியில் வைத்தார். ஒன்று, இரண்டு. முழங்கால் வானத்தைப் பார்த்தது. நான்கு, ஐந்து. ஏழாவது சாக்கில் முழங்கால் இரண்டும் மெள்ளச் சாய்ந்து இறங்கின. கால் மடங்கியது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஏழு!" என்று கத்தினார் பொங்கியண்ணன். "ஏழுதான் கணக்கா?"

"இன்னைக்கு."

"நாளைக்கு?"

"நாளைக்கு உட்கார்ந்தாத் தெரியும்."

"அதென்னங்க, ஒரு நாளைக்கு ஒரு கணக்கு?"

அம்மா செங்கல்லைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

குழப்பத்தோடு மலை இறங்கினார். கக்கத்தில் ஏழு சாக்கு.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. சடங்கு நடத்தும் அருமைக்காரர் எழுபது வயதுக்காரர். முறை தவறியதற்காகச் சொந்தத் தம்பியையே பந்தலை விட்டு வெளியே அனுப்பியவர். சாக்கைப் பார்த்ததும் அவருக்கு மீசை துடித்தது.

"என்னப்பா இது, மண்டியா மண்டபமா? வெறும் மணையில உட்கார்றதுதான் முறை. முடியலைன்னா நகரு. உம் மச்சான் இருக்கறாரல்ல?"

மச்சான் புது வேட்டி மொரமொரக்க ஏற்கெனவே முன்னால் வந்திருந்தார்.

பொங்கியண்ணன் சாக்கோடு நின்றார். 

பவளக்கொடி எழுந்தாள். மாலையும் கழுத்துமாக.

"அப்பா உட்கார்ற வரைக்கும் நானும் நிக்கறனுங்க."

"முகூர்த்தம் போகுதம்மா!"

"போகட்டுங்க."

மாப்பிள்ளையும் எழுந்துவிட்டான். அருமைக்காரர் இருவரையும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாக்கோ சமுக்காளமோ, சீக்கிரம் உட்காரப்பா!"

பொங்கியண்ணன் ஏழு சாக்கையும் மணைமேல் அடுக்கி உட்கார்ந்தார். ஏதோ உறுத்தியது. ஒன்றை உருவினார். ஊர் முழுக்கப் பார்த்தது. இன்னொன்றை உருவினார். கண்ணை மூடினார். முழங்கால் இறங்கியது.

மகள் கையைப் பிடித்தார். தாரை வார்த்தார். தண்ணீர் செம்பிலிருந்து விழுந்ததா, அவர் கண்ணிலிருந்து விழுந்ததா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

சடங்கு முடிந்தது. அருமைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. விடியற்காலையிலிருந்து வெறும் பலகையில் சம்மணம் போட்டிருந்தவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெள்ளக் குனிந்தார்.

"ஏம்பா பொங்கியண்ணா, எனக்கு இந்த முழங்கால் முப்பது வருசமா உயிரை வாங்குது. எனக்கு எத்தனை சாக்கு வேணும்?"

பொங்கியண்ணன் பெருமையாக வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"தெரியலீங்களே," என்றார். "நீங்க உட்கார்ந்து பாருங்க."

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த அருமைக்காரர் இன்னும் முறை முறை என்று பேசிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போய்வருகிறார். பையில் சாக்கு இருப்பது இன்றுவரை அவர் சம்சாரத்துக்கே தெரியாது.